கண்ணசைவா, சொல்லி ஆற்றுவதா, மாத்திரையா? தம்பிக்காக நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த சிகிச்சைகள்

எங்கள் வீட்டுக்குள் ஆரஞ்சுப் பழம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

தம்பி ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். காப்பிக் கொட்டை, மிளகு, பலாப்பழம், சீசனில் ஆரஞ்சு என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவையும் தினம் ஏறி இறங்குவான். மார்கழியில் ஒரு காலை, பனிமூட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாவது வளைவில் எதிரே ஏறி வந்த பைக் வளைவை அகலமாக எடுத்து அவன் வண்டியில் மோதியது. கயிறு அறுந்து ஆரஞ்சுப் பெட்டிகள் ரோடெல்லாம் சிதறின. பைக்கில் வந்த பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் தம்பியின் மடியிலேயே உயிர் போய்விட்டது. தம்பி மேல் தப்பில்லை என்று போலீஸ் விசாரணை முடிந்தது. அவனுக்குள் அது முடியவில்லை.

எங்கள் வீடு கோரிமேட்டில். ஏற்காடு பஸ் வாசல் வழியாகத்தான் போகும். பஸ் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கை அப்படியே நின்றுவிடும். ராத்திரி லைட்டை அணைக்க விடமாட்டான். அடிவாரம் தாண்டுவது என்ற பேச்சே இல்லை. யாராவது பக்கத்தில் ஆரஞ்சு உரித்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவான். "அக்கா, மறக்கணும்னுதான் நெனைக்கறேன். அது என்னைய மறக்க மாட்டேங்குது" என்றான் ஒருநாள்.

நான் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். டாக்டரோ மனநல நிபுணரோ இல்லை. ஆனால் மருந்துச் சீட்டு படிக்கிற பழக்கத்தில் ஆய்வுகளையும் தேடித் தேடிப் படித்தேன். சேலத்திலோ மலை மேலோ இதே இடத்தில் ஒரு குடும்பம் நின்று யோசித்துக்கொண்டிருந்தால், எங்களுக்குத் தாமதமாகத் தெரிந்தது அவர்களுக்கு முன்னாலேயே தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் மாதம்

விபத்து நடந்த மறுநாளில் இருந்தே எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று ஓடத் தேவையில்லை. பயம், தூக்கமின்மை, அதே காட்சி திரும்பத் திரும்ப வருவது எல்லாம் முதல் சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும். நிறையப் பேருக்கு அது தானாகவே தணியும். பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்று டாக்டர்கள் சொல்வது, இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையை முடக்கும்போதுதான். 1980ல்தான் அந்தப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் ஏறியது.

அந்த முதல் மாதத்தில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. "எல்லாத்தையும் இப்பவே கொட்டிடு, மனசு லேசாயிடும்" என்று உட்கார வைத்துக் கட்டாயமாகப் பேச வைப்பது. இங்கிலாந்தில் சாலை விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களிடம் அப்படி ஒரே அமர்வில் பேச வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருஷம் கழித்து 2000ல் முடிவு வந்தது. ஆரம்பத்தில் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தவர்களில், பேச வைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி வந்து, "எப்படிடா ஆச்சு, எந்தப் பக்கம் வந்தான்?" என்று பதினைந்து நாள் அதைத்தான் செய்தார்கள். பாசத்தில் கேட்டது. தடுக்கத் தெரியாமல் நின்றேன்.

அம்மா அவனை அடிவாரத்தில் ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். அன்று ராத்திரி அவன் நான்கு மணி நேரம் தூங்கினான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தலையில் ஒரு கை வைத்து "இனி ஒண்ணும் ஆகாது கண்ணு" என்று சொல்ல ஒருவர் இருப்பது பெரிய விஷயம். ஆனால் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு மேலே போகிறவன் அந்த வருஷம் போகவில்லை. கயிறு கையில் இருந்தது, ரோடு ரோடாகவே இருந்தது.

மாத்திரை: என் கையால் எழுதிய பதிவேடு

இரண்டாவது மாதம் ஒரு தனியார் மருத்துவரிடம் போனோம். ஐந்து நிமிஷம் கேட்டார், பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை எழுதினார். தூக்கம் வந்தது. மாதாமாதம் சீட்டு வந்தது. அல்பிரசோலம் எச்1 பட்டியல் மருந்து. வாங்குகிறவர் பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எட்டு மாதம் என் தம்பி பெயரை என் கையாலேயே எழுதினேன். அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது இன்னும் நெஞ்சு கனக்கிறது.

ஏனென்றால் அந்த வகை மாத்திரை பதற்றத்தை மூடி வைக்குமே தவிர, நினைவைத் தொடாது. பழகிவிட்டால் நிறுத்துவதும் கஷ்டம். உலக சுகாதார நிறுவனம் 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதல், அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்து அறிகுறிகளுக்கு இந்த வகை மாத்திரையைத் தரவேண்டாம் என்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் வழிகாட்டுதல் பி.டி.எஸ்.டி. சிகிச்சைக்கே வேண்டாம் என்கிறது. அவன் டிரைவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மந்தமாக்கும் மாத்திரையோடு கொண்டை ஊசி வளைவுக்குப் போக முடியுமா?

மாத்திரை என்றாலே தப்பு என்று சொல்ல வரவில்லை. மனச்சோர்வு மாத்திரைகளான செர்ட்ராலின், பராக்செட்டின் இரண்டும் பி.டி.எஸ்.டி.க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகள். வேலை செய்யத் தொடங்கச் சில வாரம் ஆகும்; திடீரென்று நிறுத்தக் கூடாது. கூடவே கடுமையான மனச்சோர்வு இருந்தால் இவை ரொம்ப முக்கியம். சாகணும் என்ற பேச்சு வருகிற வீட்டில் எந்த முறை நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416; இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

ஆனால் மாத்திரை மட்டும் போதுமா என்ற கேள்விக்கு ஒரு ஆய்வு நேராகப் பதில் தேடியது. 2007ல் வெளிவந்தது, அமெரிக்காவில் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவர் நடத்தியது. 88 பேரை மூன்று குழுவாகப் பிரித்து எட்டு வாரம் பார்த்தார்கள்: ஒரு குழுவுக்கு, நினைவை மனதில் வைத்துக்கொண்டே ஆடும் விரலைக் கண்ணால் பின்தொடரும் கண்ணசைவு சிகிச்சை, ஒன்றுக்கு செர்ட்ராலின் வகையைச் சேர்ந்த ஃபுளுவாக்செட்டின், ஒன்றுக்கு வெறும் மாவு மாத்திரை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கண்ணசைவு சிகிச்சை பெற்றவர்களில், வளர்ந்த பிறகு அதிர்ச்சிக்கு ஆளானவர்களில் 75 சதவீதம் பேருக்கு அறிகுறியே இல்லாத நிலை. சிறுவயதில் அதிர்ச்சிக்கு ஆளானவர்களில் 33 சதவீதம். ஃபுளுவாக்செட்டின் குழுவில் அந்த நிலையில் ஒருவரும் இல்லை. சிறிய ஆய்வுதான், ஒவ்வொரு குழுவிலும் முப்பது பேர் அளவுதான். ஆனாலும் நான் அல்பிரசோலம் பதிவேட்டை மூடிவிட்டு வேறு வழி தேடியது இதைப் படித்த பிறகுதான். அரசு மருத்துவமனையில் ஒரு மனநல மருத்துவர் அல்பிரசோலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தி, செர்ட்ராலின் தொடங்கினார். "மாத்திரை கையைப் பிடிச்சுக்கும், நடக்கறது அவருதாங்க நடக்கணும்" என்றார்.

சொல்லி ஆற்றும் வழி

பேச்சு சிகிச்சை என்று பொதுவாகச் சொல்வதில் எல்லாமே ஒன்றல்ல. ஆறுதலாகப் பேசி அனுப்பும் கவுன்சலிங் வேறு, அதிர்ச்சியை மையமாக வைத்த சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) வேறு. ஆய்வில் தேறியது இரண்டாவதுதான். அதிலும் ரெண்டு மூன்று கிளை.

உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறையில், நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு இப்போது நடப்பது போலவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு அமர்வு 90 நிமிஷம், மொத்தம் 8 முதல் 15 அமர்வு. சொன்னதைப் பதிவு செய்து தருவார்கள். வீட்டில் தினமும் போட்டுக் கேட்க வேண்டும். கூடவே, தவிர்த்து வந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். கேட்பதற்கே கொடூரமாகத் தோன்றும். ஆனால் பல பத்தாண்டுகளாக அதிகம் சோதிக்கப்பட்ட முறைகளில் இது ஒன்று.

இன்னொரு உளவியலாளர் பாட்ரிசியா ரெசிக்கின் முறை வழக்கமாக 12 அமர்வு. அங்கே காட்சியைவிட, அதிலிருந்து கிளைத்த எண்ணத்தைத்தான் கையில் எடுப்பார்கள். "நான் கொஞ்சம் முன்னாடி ஹாரன் அடிச்சிருந்தா?" என்பதை எழுத வைத்து, அதற்கு என்ன ஆதாரம் என்று நீதிமன்றத்தில் விசாரிப்பது போல விசாரிப்பார்கள்.

மூன்றாவது அதிகம் பேருக்குத் தெரியாது: எழுதி ஆற்றும் முறை. ஐந்தே அமர்வு, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம், நடந்ததை நிபுணரின் இடத்தில் உட்கார்ந்து கையால் எழுத வேண்டும். வீட்டுப்பாடம் கிடையாது. டெனிஸ் ஸ்லோன் குழு 126 பேரை வைத்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஐந்து அமர்வு ரெசிக்கின் பன்னிரண்டு அமர்வுக்குக் குறைந்ததாக இல்லை. டைரி எழுதுகிற பழக்கம் உள்ளவர்கள், வாய் திறந்தால் அழுகை முட்டுகிறவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள். தம்பி எட்டாவதோடு நின்றவன், பேனா பிடித்தால் கை வியர்க்கும். அதனால் எங்களுக்கு ஆகவில்லை.

வாய்விட்டுச் சொல்லும் முறையும் ஆகவில்லை. காரணம் முறையில் இல்லை, எங்கள் வீட்டில். ரெண்டு அறை வீடு. அந்தப் பதிவை அவன் தினமும் போட்டுக் கேட்டால் அம்மா காதில் விழாமல் இருக்காது. இயர்போன் போட்டாலும் அவன் முகத்தைப் பார்த்தே அம்மா உடைந்துபோவார். அவனோ, "எதை வேணா செய்யறேன், அதைய வாயால சொல்லச் சொல்லாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

கண்ணசைவு: விரலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

ஒரு வீடியோவில்தான் முதலில் பார்த்தேன். நிபுணர் ரெண்டு விரலை இடதும் வலதுமாக ஆட்டுகிறார், எதிரே இருப்பவர் கண்ணால் பின்தொடர்கிறார், கொஞ்ச நேரத்தில் அழுகிறார், பிறகு சிரிக்கிறார். அதிசயம் என்று நினைத்தேன். படிக்கப் படிக்க அதிசயம் கரைந்தது, ஆனால் மதிப்பு கூடியது. ஏன் என்று சொல்கிறேன்.

ஈ.எம்.டி.ஆர். என்று சுருக்கிச் சொல்லும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியவர் ஃபிரான்சின் ஷாபிரோ. 1987ல் கலிஃபோர்னியாவில் ஒரு பூங்காவில் நடந்துபோனபோது, மனதை அரித்த எண்ணம் ஒன்று கண் அங்குமிங்கும் ஓடியதும் கூர்மை குறைந்ததைக் கவனித்ததாகச் சொன்னார். 1989ல் 22 பேரை வைத்துச் செய்த முதல் ஆய்வை வெளியிட்டார். பிறகு அது எட்டுக் கட்டங்கள் கொண்ட முழுச் சிகிச்சையாக வளர்ந்தது.

விரல் ஆட்டுவது அதில் ஒரு பகுதிதான். முதலில் வாழ்க்கை வரலாறு கேட்பார்கள். பிறகு, பதற்றம் ஏறினால் எப்படி இறக்குவது என்று பழக்குவார்கள். அதற்குப் பிறகே நினைவைத் தொடுவார்கள்: இருப்பதிலேயே மோசமான படம் எது, அது உன்னைப் பற்றி உன்னிடம் என்ன சொல்கிறது, அதற்குப் பதில் எதை நம்ப ஆசைப்படுகிறாய், உடம்பில் எங்கே தெரிகிறது, 0 முதல் 10 வரை எவ்வளவு வேதனை. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம் போலக் கண்ணை ஓட்டுவது, நிறுத்தி மூச்சு விடுவது, "இப்ப என்ன வருது?" என்று கேட்பது, வந்ததோடு மறுபடி தொடர்வது. எண் இறங்கும்வரை இது நடக்கும். கண் வலி இருந்தால் கையில் மாறி மாறித் தட்டலாம். வலிப்பு உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது, அந்த விரலாட்டம் உண்மையிலேயே தேவையா என்ற சண்டைக்கு வருவோம். 1990களில் தொடங்கிய சண்டை. ஹார்வர்டு உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நாலி 1999ல், இதில் பலன் தருவது புதிதல்ல, புதிதாக இருப்பது பலன் தருவதல்ல என்ற பொருளில் எழுதினார். நினைவை எதிர்கொள்வதுதான் மருந்து, விரலாட்டம் வெறும் அலங்காரம் என்பது அவர் கட்சி. 2001ல் டேவிட்சனும் பார்க்கரும் 34 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கண்ணசைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். 2013ல் லீயும் கைப்பர்ஸும் வேறு தொகுப்பில் கண்ணசைவுக்குத் தனிப் பங்கு உண்டு என்றார்கள்.

எனக்கு அதிகம் விளங்க வைத்தது 2016ல் ஜெர்மனியில் சாக் குழு வெளியிட்ட ஆய்வு. 139 நோயாளிகள். ஒரு குழுவுக்கு ஆடும் கை; ஒரு குழுவுக்கு ஆடாமல் நிற்கும் கையையே உற்றுப் பார்க்கச் சொன்னார்கள்; மூன்றாவது குழுவுக்குப் பார்க்க எதுவும் இல்லை, நினைவு மட்டும். முதல் ரெண்டு குழுவும் மூன்றாவதைவிட நன்றாகத் தேறின. ஆடும் கைக்கும் ஆடாத கைக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது கண் ஓடுவதில் மாயம் எதுவும் இல்லை. நினைவைப் பிடித்துக்கொண்டே கவனத்தின் ஒரு பாதியை வெளியே, இந்த அறையில், இந்த நிமிஷத்தில் வைப்பதில்தான் விஷயம்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வான் டென் ஹவுட், எங்கல்ஹார்டு இருவரும் இதற்குச் சொல்லும் விளக்கம் என் தொழிலோடு ஒட்டிப்போனது. எங்கள் கடையில் அலமாரி பெரிது, கவுண்டர் சின்னது. எந்த மருந்தானாலும் அலமாரியில் இருந்து எடுத்துக் கவுண்டரில் வைத்துத்தான் பார்க்க முடியும். மனதிலும் அப்படி ஒரு சின்னக் கவுண்டர் இருக்கிறது. பழைய நினைவு அங்கே வந்து விரிகிற நேரத்தில், விரலைப் பின்தொடரும் வேலையும் அதே கவுண்டரில் இடம் கேட்டால், நினைவுக்கு முழுதாக விரிய இடம் கிடைக்காது. நெருக்கப்பட்டுச் சுருங்கிய வடிவிலேயே திரும்பி அலமாரிக்குப் போகிறது. அடுத்த தடவை எடுக்கும்போது அதன் நிறமும் வேகமும் குறைந்திருக்கும். மனக்கணக்குப் போட வைத்தாலும் இதே விளைவு கொஞ்சம் வருவதை அவர்கள் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். தூக்கத்தில் கண் உருளும் கட்டத்தோடு இதை இணைக்கும் விளக்கமும் உண்டு. எனக்குக் கவுண்டர் விளக்கம்தான் மனதில் நின்றது.

பெரிய அமைப்புகள் என்ன சொல்கின்றன? ஒரே குரல் இல்லை. 2007ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின், கண்ணசைவுக்கு ஆதாரம் போதாது என்றது. 2013ல் உலக சுகாதார நிறுவனம் சி.பி.டி.யையும் கண்ணசைவையும் சேர்த்தே பரிந்துரைத்தது. 2017ல் அமெரிக்க உளவியல் சங்கம் சி.பி.டி. வகைகளை வலுவாகவும், கண்ணசைவை ஒரு படி கீழேயும் வைத்தது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2018ல் விபத்து போன்றவற்றுக்குச் சரி என்றது, போர்க்களத்து அதிர்ச்சிக்குப் பரிந்துரைக்கவில்லை. 2023ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை ஃபோவா, ரெசிக் முறைகளோடு இதையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டது. நெதர்லாந்தில் 140 பேரை வைத்து 2012ல் நைடாம் குழு வேறொரு பேச்சு சிகிச்சையோடு செய்த ஒப்பீட்டில், கண்ணசைவு பெற்றவர்கள் சீக்கிரம் தேறினார்கள். கடைசியில் ரெண்டு குழுவும் ஒரே இடத்தில் வந்து நின்றன. 2020ல் கைப்பர்ஸ் குழு 76 ஆய்வுகளைத் தொகுத்து, பலன் இருப்பது தெரிகிறது, ஆனால் நேர்த்தியாகச் செய்த ஆய்வுகள் குறைவு, அவற்றை மட்டும் எடுத்தால் மற்றச் சிகிச்சைகளைவிடக் கண்ணசைவு உசத்தி என்று சொல்ல முடியாது என்றது.

இவ்வளவும் படித்து முடித்தபோது எனக்குத் தெளிவானது இதுதான்: எது உயர்ந்தது என்ற கேள்வியை ஆய்வுகளிடம் கொண்டுபோனால், இந்த ரெண்டு வழிக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்றே பதில் வரும். வித்தியாசம் போய் வரும் ஆளிடமும், அவர் வீட்டிலும், சிகிச்சை தருகிறவரிடமும் இருக்கிறது.

எங்கள் கணக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதலில் ஒரு வரி இருக்கிறது. கண்ணசைவு சிகிச்சையில் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை, எண்ணங்களை நேரடியாக எதிர்த்து வாதிடுவது இல்லை, நீண்ட நேரம் நினைவுக்குள் நிறுத்தி வைப்பது இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. அதைப் படித்ததும் தம்பி கும்பிட்ட கைதான் கண்ணில் வந்தது. நாங்கள் கண்ணசைவைத் தேர்ந்தெடுத்தது கண்ணுக்காக இல்லை, இந்த வரிக்காக.

பெங்களூரில் பெயர் பெற்றவர்கள் நிறைய. ஆனால் பஸ்ஸிலோ காரிலோ போனால் தொப்பூர் கணவாயைத் தாண்ட வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே லாரிகள் வரிசையாக இறங்குகிற இடம். பிரேக் கருகும் நாற்றம் கார் கண்ணாடிக்குள்ளேயே வரும். சிகிச்சைக்குப் போகிற வழியிலேயே அவனை உடைக்க முடியாது. ரயிலில் போகலாம், ஆனால் பாஷை இன்னொரு கேள்வி. "நான்தான் கொன்னுட்டேன்" என்று அவன் மனதில் ஓடுவது தமிழில்தான் ஓடுகிறது. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னால் அதன் பாரம் பாதி வழியிலேயே சிந்திவிடும். கோயம்புத்தூர் என்றால் ரயில் உண்டு, வழியில் கணவாய் இல்லை, தமிழில் பேசலாம். ஆன்லைனில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், திரையில் ஒரு புள்ளி ஓடும். ஆனால் மறுபடியும் அந்த ரெண்டு அறை வீடு, கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா.

மூன்று பேரிடம் போனில் பேசினேன். ஒருவர் "மூணே சிட்டிங்ல சரியாயிடும்மா, கியாரண்டி" என்றார். அந்த வார்த்தையோடு போனை வைத்துவிட்டேன். இன்னொருவர் எங்கே படித்தார், பதிவு எண் என்ன என்று கேட்டதும் கோபப்பட்டார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேட்பது உங்கள் உரிமை, நல்லவர்கள் கோபப்படுவதில்லை. மூன்றாமவர் என்னிடம்தான் கேட்டார்: சம்பவம் ஒன்றா, சிறுவயதில் வேறு ஏதாவது உண்டா, குடிப்பாரா, சாகணும் என்று சொல்கிறாரா, பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பி எங்கோ போய்விடுகிறாரா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார். கடைசியில், "முதல் ரெண்டு அமர்வில் விரலே ஆட்ட மாட்டேன், அதுக்குச் சம்மதமா?" என்றார். அவரிடம்தான் போனோம். அமர்வுக்கு 1,800 ரூபாய், ரயில் செலவு தனி. எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. சேலத்திலேயே தேர்ந்த ஒருவர் நேரம் கொடுத்திருந்தால், அவர் செய்வது ரெசிக்கின் முறையாக இருந்தாலும் அங்கேயே போயிருப்பேன். பக்கத்திலேயே இருப்பதைத்தான் பாதியில் விடாமல் முடிக்க முடியும்.

எல்லோருக்கும் இதையே சொல்வேனா? மாட்டேன். அம்மாபேட்டையில் என் தோழி ஒருத்தி, நெசவு வீடு. தீ விபத்தில் மாமியாரை இழந்தவள். அவளுக்குக் காட்சி வருவதே இல்லை. "அடுப்பை நான்தானே அணைக்காம வந்தேன்" என்ற ஒரே எண்ணம், பாவில் சிக்கிய நூல் மாதிரி தினம் நூறு தடவை. அவளுக்கு நான் ரெசிக்கின் முறையைத்தான் சொன்னேன். வருத்துவது படமா, எண்ணமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கணிப்பு; ஆய்வு முடிவு என்று சொல்ல மாட்டேன். சிறுவயதில் இருந்தே அடியும் அவமானமும் பட்டு வந்தவர்களுக்கு இப்படிச் சில அமர்வில் முடிக்கும் கணக்கு பொருந்தாது. அவர்களிடம் யாராவது சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும்.

தம்பிக்கு மொத்தம் ஒன்பது அமர்வு. சொன்னபடியே முதல் ரெண்டும் மூச்சுப் பழக்கம், பேச்சு. நான்காவது முடிந்து திரும்பும் ரயிலில், சங்ககிரி தாண்டியதும் அவனாகவே பேசினான். மோசமான படம் எது என்று கேட்டாராம். அந்தப் பையனின் முகமாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. பையன் மடியில் கிடக்கும்போது ஒரு ஆரஞ்சு ரோட்டில் மெதுவாக உருண்டு, தடுப்புச் சுவரின் ஓரம் வரை போய், விழாமல் நின்றதாம். "அது விழுந்துடும் விழுந்துடும்னு பாத்துட்டே இருந்தேங்க்கா. அந்தப் பையன் கண்ணை மூடினதைப் பாக்கல." ஒன்றரை வருஷத்தில் அவன் என்னிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று ஒன்பதில் தொடங்கிய எண் ஐந்தில் நின்றிருந்தது. ஆறாவது அமர்வில் இரண்டு.

எதிர் சீட்டில் ஒரு பாட்டி பேத்திக்கு ஆரஞ்சு உரித்துக்கொடுத்தார், வேறொரு நாள். தம்பி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். எழுந்து போகவில்லை.

ஆனால் ரோடு பாக்கி இருந்தது. அறைக்குள் எண் இறங்கினால் மட்டும் போதாது, ரோட்டிலும் இறங்க வேண்டும் என்று சைக்காலஜிஸ்ட் முதலிலேயே சொல்லியிருந்தார். ஃபோவாவின் முறையில் படிப்படியாகப் போகச் சொல்கிறார்களே, அந்தப் பகுதியை இங்கேயும் சேர்த்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் கார் ஓட்டுவார், தம்பி முன் சீட்டில். முதல் வாரம் செக்போஸ்ட் வரை. அடுத்த வாரம் ரெண்டாவது வளைவு. ஒரு வாரம் நான்காவதில் வாந்தி எடுத்து, அதற்கடுத்த வாரம் மறுபடி நான்காவதே. செர்ட்ராலின் தொடர்கிறது. வண்டி ஓட்டுவது பற்றி இன்னும் பேச்செடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழாவது வளைவில் இறங்கித் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தோம். மேலே இருந்து ஒரு பஸ் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கியது. எண் எவ்வளவு என்று கேட்டேன். "ஏழு" என்றான். எழுந்து போகலாமா என்றதற்குத் தலையாட்டி மறுத்தான். கீழே சேலம் புகைமூட்டமாகத் தெரிந்தது. இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். இன்னும் ரெண்டு பஸ் போயின. நான் கேட்காமலேயே, "நாலு" என்றான்.